பெட்டிக்கு நாலு பக்கம், ஸ்ப்ளிட்டருக்கு எட்டு கால்

முதல்லயே சொல்லிடறேன். இது பாதி தொழில்நுட்பப் பதிவு, பாதி சொந்தக் கதை. எந்தப் பாதி பிடிக்கலையோ அதைத் தாண்டிப் போயிடுங்க, கோச்சுக்க மாட்டேன்.

எங்க மாமா, அதாவது அம்மாவோட தம்பி, செஞ்சியில கேபிள் ஆபரேட்டர். 1993 ஏப்ரல் 14-ம் தேதி சன் டிவி ஆரம்பிச்ச சமயத்துல, யாரோ ஒருத்தர் வீட்டு மொட்டை மாடியில ஒரு பெரிய டிஷ்ஷை நிறுத்தி வெச்சு ஆரம்பிச்ச தொழில். அப்போ கறுப்பு கோ-ஆக்சியல் ஒயரு, தெருவுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர். இப்போ ஃபைபர். ஒயரு மாறிச்சே தவிர மாமா மாறலை. எந்தக் கம்பத்துல எந்த லைன் திரும்புது, எந்த ஜாயின்ட்ல எந்தக் கலர் எங்கே போகுது, எல்லாம் அவர் தலைக்குள்ளதான். "ஒரு நோட்டுல எழுதி வைங்களேன் மாமா"ன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். "நோட்டு தொலைஞ்சு போகும்டா, தலை எங்க போவப் போவுது"ம்பாரு.

2024 ஆனி மாசம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், கூடவே பேச்சு. மூளையோட இடது பக்கம் அடி வாங்கினா இப்படித்தான் ஆகும்னு டாக்டர் சொன்னார். நாம பேசறது அவருக்குப் புரியுது. பதில் சொல்ல வார்த்தை கிடைக்கலை. "ஆமா", "இல்ல" ரெண்டும் வரும். ஆனா சமயத்துல ஆமான்னு நினைச்சு இல்லன்னு சொல்லிடுவாரு. சொன்னதும் தப்புன்னு அவருக்கே தெரிஞ்சு, முகத்தைத் திருப்பிக்குவாரு. அதைப் பார்க்கத்தான் கஷ்டமா இருக்கும்.

தொழிலை இப்போ அவர்கிட்ட பன்னெண்டு வருஷமா இருக்கற தம்பிதான் பார்த்துக்கறான். அவனுக்கு டவுன் பக்கம் அத்துப்படி. சிங்கவரம் பக்கம் மாமா தன் கையாலயே இழுத்த லைனெல்லாம் அரைகுறையாத்தான் தெரியும். நான் சென்னையில பொட்டி தட்டறவன். நெட்வொர்க் படம் வரையறது என் ஆபீஸ் வேலையில ஒரு பாகம். சரி, நாமளாவது உருப்படியா ஒண்ணு பண்ணுவோம்னு ரெண்டு ஞாயித்துக்கிழமை தம்பியை உட்கார வெச்சு, அவன் சொல்லச் சொல்ல விசியோவுல மொத்த நெட்வொர்க்கையும் வரைஞ்சேன். ஏ4 தாள்ல பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, கன்ட்ரோல் ரூம்ல மாட்டினேன். பார்க்க அவ்ளோ அழகு. நானே போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன்னா பாத்துக்குங்களேன்.

அந்த அழகுதான் பின்னாடி வேலை வெச்சது.

விஷயம் புரியணும்னா இந்த ஃபைபர் எப்படிப் பிரியுதுன்னு கொஞ்சம் சொல்லணும். கன்ட்ரோல் ரூம்ல ஓ.எல்.டி.ன்னு ஒரு பெட்டி. அதுல ஒரு போர்ட்லேர்ந்து கிளம்பற ஒரே இழை, வழியில ஸ்ப்ளிட்டர்ங்கற சின்ன டப்பிக்குள்ள போய் எட்டாப் பிரியும். இதுக்கு கரண்ட் கிடையாது, பேட்டரி கிடையாது. உள்ளே வர்ற வெளிச்சத்தை எட்டாப் பங்கு போடறது மட்டும்தான் வேலை. எட்டாப் பங்கு போட்டா ஒவ்வொரு காலுக்கும் சுமார் பத்தரை டெசிபெல் குறையும். அந்த எட்டு கால்ல ஒவ்வொண்ணும் ஒரு தெருவுக்குப் போய், அங்கே இன்னொரு ஸ்ப்ளிட்டர்ல மறுபடி எட்டாப் பிரியும். எட்டெட்டு அறுபத்து நாலு வீடு, ஒரே இழையிலேர்ந்து. எந்தக் கால் எதுன்னு தெரியறதுக்குத்தான் கலர். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு. ஃபைபர் வேலை செய்யறவங்களுக்கு இந்த வரிசை ஒண்ணாம் வாய்ப்பாடு மாதிரி. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க.

ஆக ஒரு ஸ்ப்ளிட்டரைப் படத்துல போட்டா, அதுக்கு மேலே ஒரு கால், கீழே எட்டு கால் வேணும். நான் என்ன போட்டேன்? ஒரு செவ்வகம். செவ்வகத்துக்கு விசியோ கொடுக்கற ஒட்டுப்புள்ளி பக்கத்துக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு. அவ்ளோதான். (கனெக்‌ஷன் பாயிண்ட்டை இந்தப் பதிவு முடியற வரைக்கும் ஒட்டுப்புள்ளின்னே வெச்சுக்கறேன்.) எட்டு கோட்டையும் கீழ்ப்பக்க நடுப்புள்ளியிலயே ஒட்டினேன். எந்தக் கோடு எந்தக் கலர்னு கோட்டுப் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டேன். அப்புறம் ஏ4-க்குள்ள அடங்கணும்னு பெட்டிகளை அங்கே இங்கே நகர்த்தினேன். நகர்த்தின உடனே கோடெல்லாம் தானா வளைஞ்சு, தானா ஒழுங்காகி, ஆஹா என்ன புத்திசாலி மென்பொருள்னு நானே மெச்சிக்கிட்டேன். கோடு நகர்ந்ததே தவிர, கலர் எழுதின எழுத்து சிலது பழைய இடத்துலயே நின்னுடுச்சு. அதை நான் கவனிக்கலை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. எங்க விழுப்புரம் மாவட்டத்துல கொட்டின மழையை இன்னமும் பேசறாங்க. மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டருக்கு மேல. செஞ்சியில கரண்ட் இல்லை, மரம் விழுந்து கேபிள் தொங்குது. கரண்ட் திரும்பி வந்ததுக்கு அப்புறம்தான் எத்தனை லைன் செத்திருக்குன்னு தெரிய ஆரம்பிச்சுது.

அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு தம்பிகிட்டேர்ந்து போன். ஏணி மேல நின்னுக்கிட்டே பேசறான். "அண்ணா, படத்துல மூணு கோடும் ஒரே எடத்துலேர்ந்து வருதுண்ணா. சிங்கவரம் ரோடு எந்த கால்ணா?"

நான் சென்னையில, சுடச்சுட சாப்பாட்டுத் தட்டு முன்னாடி. லேப்டாப்பைத் திறந்து கோப்பைப் பார்த்தேன். காந்தி பஜார், திருவண்ணாமலை ரோடு, சிங்கவரம் ரோடு மூணும் ஒரே புள்ளியிலேர்ந்து கிளம்பி, கொஞ்ச தூரம் ஒண்ணு மேல ஒண்ணாவே போய், அப்புறம் பிரியுது. பச்சைங்கற எழுத்து எந்தக் கோட்டுக்குன்னு எனக்கே தெரியலை. வரைஞ்சவன் நான். மூலக் கோப்பு என்கிட்ட இருக்கு. அதுலயும் பதில் இல்லை.

காலைக் கண்டுபிடிக்க வேற வழி இருக்கான்னா, இருக்கு. ரெட் லைட் பேனான்னு ஒண்ணு உண்டு. இழைக்குள்ள சிவப்பு வெளிச்சம் விட்டா, எங்கே அறுந்திருக்கோ அங்கே கசியும். ஆனா வெளிச்சம் விடணும்னா ஜாயின்ட் போட்ட இழையை முதல்ல வெட்டணும். தம்பி ஒண்ணை வெட்டினான், அது நல்லா ஓடிக்கிட்டிருந்த காந்தி பஜார் லைன். இன்னொண்ணை வெட்டினான், அதுவும் தப்பு. மூணாவதுதான் சரி. வெட்டினதையெல்லாம் திரும்ப ஒட்ட ஸ்ப்ளைசிங் மெஷின் வாடகைக்கு எடுத்து வரணும், அது மறுநாள்தான் வந்துது. மழையில, இருட்டுல, ஈர ஏணியில, அவசியமே இல்லாம நாலு கம்பம் ஏறி இறங்கினான். ஒண்ணும் ஆகலை. ஆகியிருந்தா?

அத்தைதான் அடுத்ததை போன்ல சொன்னாங்க. அவன் சொட்டச் சொட்ட நனைஞ்சு திரும்பி வந்ததை மாமா திண்ணையில உட்கார்ந்து பார்த்திருக்காரு. சுவத்துல மாட்டியிருந்த என் படத்தை எடுத்துத் தரச் சொல்லி சைகை காட்டி, மடியில வெச்சுப் பார்த்துட்டு, இடது கையில பேனாவைப் புடிச்சு அந்த மூணு கோடு கிளம்பற இடத்துல ஒரு வட்டம் போட்டாராம். லேமினேஷன் மேல மை நிக்கலை. மறுபடி மறுபடி அழுத்திப் போட்டிருக்காரு.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போய் அந்தக் கீறலைப் பார்த்தேன். அதுக்கு அப்புறம்தான் இத்தனை வருஷமா தினமும் உபயோகிச்ச ஒரு விஷயத்தை உட்கார்ந்து ஒழுங்காப் படிச்சேன். இனி தொழில்நுட்பப் பாதி.

விசியோ 1992-ல வந்த மென்பொருள். 2000-ல மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே வாங்கிடுச்சு. அதுல கோட்டை ஒட்டறதுக்கு ரெண்டு விதம் இருக்கு. கோட்டோட முனையை இழுத்துக்கிட்டுப் போய் பெட்டி மேலேயே விட்டா, பெட்டி முழுக்க ஒரு கட்டம் மின்னும். இது பெட்டியோட ஒட்டறது. பெட்டியை நகர்த்தினா, எந்தப் பக்கம் கிட்டமோ அந்தப் பக்கத்துக்குக் கோடு தாவிக்கும். முனையைக் குறிப்பா ஒரு ஒட்டுப்புள்ளி மேல விட்டா, அந்தப் புள்ளி மட்டும் மின்னும். இது புள்ளியோட ஒட்டறது. அதுக்கப்புறம் பெட்டியை எங்கே தூக்கிப் போட்டாலும் கோடு அதே புள்ளியை விடாது. மின்னற நிறம் பழைய பதிப்புகள்ல சிவப்பு, 2013-லேர்ந்து பச்சை. ஆபீஸ்ல "இந்த சர்வர் அந்த சுவிட்சோட பேசுது"ன்னு மட்டும் காட்ட முதல் விதமே போதும். எந்தப் போர்ட், எந்தக் கால்னு காட்ட வேண்டிய இடத்துல ரெண்டாவதுதான். நான் தாவற கோட்டையும் தாவாத கோட்டையும் கலந்து கட்டி வெச்சிருந்தேன்.

புதுசா புள்ளி வைக்கறது சுலபம்தான். கனெக்‌ஷன் பாயிண்ட் கருவியை எடுத்துக்கணும் (கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 1), பெட்டியைத் தேர்ந்தெடுக்கணும், கன்ட்ரோலை அழுத்திக்கிட்டு வேணுங்கற இடத்துல கிளிக்கணும். எல்லாரும் வழுக்கற இடம் இதுல ஒண்ணு உண்டு. புள்ளி எப்பவுமே தேர்ந்தெடுத்த பெட்டிக்குத்தான் போய்ச் சேரும். வேற பெட்டி தேர்வுல இருக்கும்போது இந்தப் பெட்டி மேல கிளிக்கினா, புள்ளி கண்ணுக்கு இங்கே தெரியும், சொந்தம் அங்கே. அப்புறம் பெட்டியை நகர்த்தினா புள்ளி மட்டும் அந்தரத்துல நிக்கும். நானும் நின்னேன், அரை மணி நேரம், ஏன்னு புரியாம.

எட்டு புள்ளியும் சம இடைவெளியில வேணும்னா கையால வைக்காதீங்க. ஒவ்வொரு ஷேப்புக்கும் பின்னாடி ஷேப்ஷீட்னு ஒரு அட்டவணை இருக்கு. அதுல கனெக்‌ஷன் பாயிண்ட்ஸ்ங்கற பகுதியில புள்ளிக்கு ஒரு வரி. குறுக்கு அளவுக்கு அகலம் × 1/9, அடுத்ததுக்கு அகலம் × 2/9, இப்படியே 8/9 வரைக்கும். உயரத்துக்கு உயரம் × 0. விசியோவுல பூஜ்யம் கீழ்ப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்குது, அதனால உயரம் × 0 போட்டா புள்ளி அடியில உட்காரும். வெறும் மில்லிமீட்டர் கணக்கை எழுதாம இப்படி விகிதமா எழுதினா, பெட்டியைப் பெருசாக்கினாலும் சிறுசாக்கினாலும் எட்டும் அதது இடத்துல நிக்கும். முடிச்சதும் அந்த ஷேப்பை நம்ம சொந்த ஸ்டென்சில்ல போட்டு வெச்சுட்டா, அடுத்த ஸ்ப்ளிட்டரை இழுத்துப் போடும்போது எட்டு காலோடதான் வந்து விழும்.

ஆனா ஒரு சங்கடம். விசியோ என் ஆபீஸ் லேப்டாப்புல மட்டும்தான். தம்பி தானே திறந்து திருத்தணும்னா காசில்லாத ஒண்ணு வேணும். டிரா.ஐஓ-வுக்கு மாறினேன். அங்கேயும் இதே ரெண்டு விதம்தான். பெட்டியோட ஓரம் நீலமா மின்னினா மிதக்கற கோடு, ஒரு புள்ளி பச்சையா மின்னினா நிலையான கோடு. ஷேப்பைத் தேர்ந்தெடுத்து எடிட் ஸ்டைலைத் திறந்தா (கன்ட்ரோல் + இ) 'பாயிண்ட்ஸ்'ங்கற பேர்ல சதுர அடைப்புக்குள்ள ஜோடி ஜோடியா எண் கொடுக்கலாம். 0.11, 1, 0.22, 1, இந்த மாதிரி. இதுல பூஜ்யம் மேலேர்ந்து ஆரம்பிக்குது, அதனால அடிப்பக்கத்துக்கு 1. விசியோ கணக்கை அப்படியே கொண்டு போய்ப் போட்டு, எட்டு காலும் தலையில முளைச்ச ஸ்ப்ளிட்டரைப் பார்த்து நானும் தம்பியும் சிரிச்ச சிரிப்பு இருக்கே.

லிப்ரெஆபீஸ் டிரா வெச்சிருக்கறவங்களுக்கு: அங்கே இதுக்கு க்ளூ பாயிண்ட்னு பேரு. எல்லா ஷேப்புக்கும் தானா நாலு உண்டு, மத்ததை நாமளே சேர்த்துக்கலாம். கோடு எந்தத் திசையில கிளம்பணும்னுகூட சொல்லலாம். டியா வெச்சிருக்கறவங்க ஷேப் கோப்பையே ஒரு எடிட்டர்ல திறந்து புள்ளிகளை எழுதிடலாம், அது வெறும் எக்ஸ்.எம்.எல்.தான்.

நடுவுல ஒரு நாள், மூளை சூடாகிப்போய் கோட்டைப் பக்கம் நடந்தேன். சின்ன வயசுலேர்ந்து பார்க்கற கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை, மூணையும் இணைச்சு முக்கோணமா மதில். எங்க ஊர்ப் பசங்களுக்கு அது ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்டுக்குப் பின்னாடி தெரியற மலை, அவ்ளோதான். 2025 ஜூலையில யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள்னு 12 கோட்டையைப் பட்டியல்ல சேர்த்தப்போ, அதுல தமிழ்நாட்டுல இருக்கற ஒரே கோட்டை இதுதான்னு ஊரே பெருமைப்பட்டுது. நான் நடந்தது அதுக்கு முன்னாடி. அன்னிக்கு எனக்கு மலையும் மதிலும் கண்ணுல படலை. வாசல்தான் பட்டுது. அவ்ளோ நீள மதிலுக்கு உள்ளே போற வழி விரல் விட்டு எண்ணிடலாம். ராஜகிரி உச்சிக்குப் போகணும்னா கடைசியில ஒரு பாறைப் பிளவு, இருபது அடிக்கு மேல அகலம், அதல பாதாளம். அதைத் தாண்ட ஒரே ஒரு பாலம். பாலத்தை எடுத்துட்டா உச்சி தனி. மொகலாயப் படை 1690-லேர்ந்து 1698 வரைக்கும் இந்தக் கோட்டைக்கு வெளியே கிடந்தது சும்மா இல்லை. இங்கேதான் சேரலாம், வேற எங்கேயும் சேர முடியாதுன்னு கட்டினவன் முடிவு பண்ணி வெச்சிருக்கான். நான் என் பெட்டிகளுக்கு அந்த முடிவை எடுக்காம மென்பொருள்கிட்ட விட்டுட்டேன். அது அழகா இருக்கற மாதிரி பார்த்துக்கிட்டுது. பாவம், அதுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.

2025 பொங்கல் லீவுல புதுப் படம் தயார். இந்தத் தடவை ஏ3 தாள், ஒவ்வொரு ஸ்ப்ளிட்டருக்கும் எட்டு கால், ஒவ்வொரு காலும் அதோட கலர்லயே. வெள்ளைக் கால் மட்டும் வெள்ளைத் தாள்ல தெரியாதேன்னு கறுப்பு ஓரம் போட்டேன். மாமா முன்னாடி பாய்ல விரிச்சேன். நான் ஒவ்வொரு காலாத் தொட்டு "இது இங்கே போகுதா மாமா?"ன்னு கேட்கறது, அவர் இடது கை விரலால கோடு வழியாவே போய் நிக்கறது. ஆமா, இல்லைன்னு வாயால கேட்கவே இல்லை. விரல்தான் பதில். மூணு இடத்துல என் கோட்டை விட்டு விலகி வேற இடத்துக்குப் போனார். மூணும் தம்பிக்குத் தெரியாத இடங்கள். ஆனி மாசத்துக்கு அப்புறம் அவரோட அவ்ளோ நேரம் நான் பேசினது அன்னிக்குத்தான்.

சிங்கவரம் ரோட்டு ஸ்ப்ளிட்டர்ல எட்டாவது கால், கறுப்பு. தம்பி காலின்னு சொன்னதால கோடு எதுவும் இழுக்காம விட்டிருந்தேன். மாமா விரலை அங்கே வெச்சு ரெண்டு தட்டு தட்டினார்.

"அது காலி மாமா."

"ஆமா"ன்னார். முகத்தைத் திருப்பிக்கிட்டார். மறுபடி தட்டினார்.

மறுநாள் தம்பி ஏறிப் பார்த்தான். கறுப்பு காலியில்லை. ஜாயின்ட் போட்டு ஒரு ஒயரு மரத்துக்குள்ள போகுது, கிளை முறிஞ்ச இடத்துல அறுந்து கிடக்குது. அதைப் புடிச்சுக்கிட்டே போனா ஒரு பழைய ஓட்டு வீட்டுப் பின்பக்கத்துல முடியுது. உள்ளே ஒரு பெரியவர், தனியா. பில் புத்தகத்துல அவர் பேரே இல்லை. கேட்டா, பஜார்ல அவர் குடியிருந்தப்போ மாமாவோட முதல் டிஷ் நின்னது அவர் மொட்டை மாடியிலதானாம். அதுலேர்ந்து இன்னி வரைக்கும் மாமா அவர்கிட்ட ஒரு பைசா வாங்கினதில்லை. வீடு மாறி வந்ததும் அங்கேயும் தானே போய் லைன் இழுத்துக் கொடுத்திருக்கார்.

புயல் அடிச்சு ஒன்றரை மாசமா அவருக்கு டிவி இல்லை, நெட் இல்லை. வெளியூர்ல இருக்கற மகளோட வீடியோவுல பேசறது நின்னு போயிருக்கு. ஏன் தாத்தா சொல்லலைன்னு தம்பி கேட்டிருக்கான். "காசு கொடுக்கறவன் கம்ப்ளெயின்ட் சொல்லலாம். நான் எப்படிப்பா சொல்றது?"ன்னாராம்.

அன்னிக்குச் சாயந்திரமே ஒட்டியாச்சு. படத்துலயும் கறுப்புப் புள்ளியிலேர்ந்து ஒரு கோடு போட்டு, வீட்டு அடையாளம் எழுதி, பில் கட்டத்துல 'மாமா கணக்கு'ன்னு போட்டேன். பிரிண்ட்டைக் காட்டினேன். விரலால அந்தக் கோட்டை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு, "இல்ல"ன்னார். கோடு சரிதானேன்னு எனக்குப் பக்குன்னுச்சு. முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை திருப்பிக்கலை.

பி.கு.: இந்த வேலையில நான் கத்துக்கிட்டது, நெட்வொர்க் படம் வரையறவங்களுக்கு மட்டும். வரைஞ்சு முடிச்சதும் ஒவ்வொரு பெட்டியையும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்க. கோடு பக்கம் மாத்தித் தாவினா அது இன்னும் புள்ளியில ஒட்டலைன்னு அர்த்தம். கலர் பேரைத் தனி எழுத்தா மிதக்க விடாதீங்க, கோட்டுக்குள்ளேயே எழுதுங்க, கோடு போற இடத்துக்கு அதுவும் வரும். காலியா இருக்கற காலுக்கும் புள்ளி வைங்க. அப்புறம் காலின்னு யாராவது சொன்னா, ஏறிப் பார்த்துட்டு எழுதுங்க.